உடைத்து ஊற்றிய முட்டை

சைதாப்பேட்டையில் நான் வேலை பார்க்கும் தையல் கம்பெனியின் கேன்டீன், மொட்டைமாடியில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறது. மதியச் சாப்பாடு மலிவு. பல வருடங்கள் ருசியும் மலிவாகத்தான் இருந்தது. சாம்பாரில் பருப்பைத் தேடி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். பிறகு சாந்தோம் குப்பத்திலிருந்து ஓர் அக்கா சமைக்க வந்தார். அவர் வந்ததும் கீரை வந்தது, சுண்டல் வந்தது, வாரத்தில் மூன்று நாள் ஆளுக்கு ஓர் அவித்த முட்டையும் வந்தது.

அந்த முட்டையை எங்களில் யாருமே சாப்பிடவில்லை. ஓட்டோடு அப்படியே டிபன் டப்பாவில் போட்டுக்கொள்வோம். யாரும் யாரையும் ஏன் என்று கேட்டதில்லை. எல்லோர் வீட்டிலும் பிள்ளைகள் உண்டு. என் மகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே மதியம் முட்டை கிடைக்கிறது. அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் என் பையில் கைவிட்டுத் தேடுவாளே, அதை விட மனசு வரவில்லை.

அந்தச் சமயம் எனக்கு உடம்பு சரியில்லை. மாதவிலக்கு பத்துப் பன்னிரண்டு நாள் நிற்காமல் படுத்தி எடுத்தது. அரசு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையில் கட்டி, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார்கள். ஆனால் ரத்தம் ஏழுதான் இருக்கிறது, பத்தைத் தாண்டினால்தான் கத்தி வைக்க முடியும் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார் டாக்டரம்மா. சத்தாகச் சாப்பிடவும் சொன்னார். தட்டு நிறையச் சோறு தின்கிறேனே, இதற்கு மேல் என்ன சத்து என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஒரு திங்கட்கிழமை தட்டில் முட்டை விழவில்லை. கீரை போட்ட குழம்பு மட்டும் கெட்டியாக விழுந்தது.

"முட்ட எங்கக்கா?" என்றேன்.

"கொழம்புல கீது. ஒடச்சி ஊத்தி கலக்கிட்டேன்."

"யாரக் கேட்டு கலக்குன? முழுசா குடு."

"முழுசா குட்தா நீ துன்றியா? அறுவது முட்ட அவிக்கிறேன், எச்ச வாளில ஒரு ஓடு கூட இல்ல. ஓட்டோடவா முழுங்குறீங்க?"

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். எனக்குச் சுரீரென்று ஏறியது. "உன் வூட்டுக் காசுலயா போட்ற? எங்க முட்ட, நாங்க எட்துகினு போவோம். உனக்கின்னா?" என்று மாடியே அதிரக் கத்தினேன். அத்தோடும் விடவில்லை. ஒரு தாளில் புகார் எழுதி, இருபது பேரிடம் கையெழுத்து வாங்கி மேனேஜரிடம் கொடுத்தேன். "முட்டை உங்க வயித்துக்குள்ளதானம்மா போகுது?" என்று அதை டிராயரில் போட்டு மூடிவிட்டார் அவர்.

வேறு வழியில்லாமல் சாப்பிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சாப்பிட்டேன். வெளியே சொல்லவில்லையே தவிர, குழம்பு நன்றாகத்தான் இருந்தது. மகள் ஒரு வாரம் பையைத் துழாவிப் பார்த்துவிட்டு மறந்துபோனாள். எனக்குத்தான் அதை மறக்க ஒரு மாதம் ஆனது.

மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையில் பத்தரை வந்தது. ஆபரேஷனுக்குத் தேதி எழுதிக் கொடுத்த டாக்டரம்மா, "மாத்திரை மட்டும் இல்ல, நல்லா சாப்பிட்டும் இருக்கீங்க" என்றார். சண்டை போட்டுக்கொண்டு சாப்பிட்டேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

மறுநாள் கேன்டீன் வரிசையில் வேண்டுமென்றே கடைசியாக நின்றேன்.

"ரத்தம் ஏறிட்ச்சிக்கா. ஆபரேஷனுக்கு தேதி குட்துட்டாங்க." அதற்குள் கண் கலங்கிவிட்டது. "உன்மேல புகார் எழுதுனது நான்தான்."

"தெரியும். மேனேஜர் காமிச்சாரு."

"அப்பகூட என்னை ஒரு வார்த்த கேக்கலியே?"

அவர் குண்டானை அடிவரை கிளறி, ஒரு கரண்டி மொண்டு என் தட்டில் ஊற்றினார்.

"அன்னிக்கி நீ கத்துறப்போ மேசைய கெட்டியா புட்ச்சிகினு நின்ன. ஒதடெல்லாம் வெளுத்துப் போயிருந்திச்சி. உன்கிட்ட போயி இன்னாத்த கேக்கறது? அன்னிலேர்ந்து உன் தட்டுக்கு மட்டும் அடியிலேர்ந்துதான் ஊத்துறேன். முட்டையும் கீரையும் அங்கதான் கெட்டியா நிக்கும். உக்காந்து துன்னு."