தாழ்ப்பாள் வைத்த சைக்கிள்

என் வீட்டுக்காரர் பஸ் படிக்கட்டிலிருந்து விழுந்து வலது இடுப்பை உடைத்துக்கொண்டது தொண்ணூறுகளின் கடைசியில். ஆபரேஷன் ஆயிற்று, உள்ளே தகடு வைத்தார்கள், பல மாதம் கட்டிலோடு கிடந்தார். பிறகு எழுந்து, கொஞ்சம் நொண்டி நடந்தார். காலை முன்னால் வைப்பார், பின்னால் வைப்பார். பக்கவாட்டில் தூக்க மட்டும் வராது. தூக்கினால் முகம் சுண்டிப்போகும். இனி இவ்வளவுதான், இதுவே பெரிய விஷயம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவர் பெங்களூர் அடுகோடியில் பம்பு செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் இருந்தது பொம்மனஹள்ளியில். நான் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். வாடகையும் பெண்ணின் படிப்பும் அவர் வேலையை நம்பித்தான் நடந்தன. லேத் முன்னால் நின்று வேலை செய்வதற்கு அவருக்கு ஒரு குறையும் இல்லை. கை நன்றாக இருந்தது, கண் நன்றாக இருந்தது. ஆனால் கம்பெனியில் ஆள் குறைக்கப்போகிறார்கள் என்று அந்த வருஷம் பேச்சு. விருப்ப ஓய்வு என்று அதற்குப் பெயர். யாருடைய விருப்பம் என்று கேட்கக் கூடாது. உடம்பு முடியாதவர்களைத்தான் முதலில் பட்டியலில் எழுதுவார்கள் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். அவரைப் பார்க்க ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தவர்கள், பழத்தோடு இதையும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

கம்பெனியில் ஆள் எடுப்பது, அனுப்புவது எல்லாம் பர்சனல் ஆபீசர் கையில். அந்த மனுஷன் தினமும் காலையில் கேட்டருகே நின்று உள்ளே வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் கண்ணில் இவருடைய நொண்டல் படக் கூடாது. பட்டால் வேலை போய்விடும். இதுதான் எங்கள் வீட்டில் அப்போது இருந்த ஒரே கவலை. சோறு தின்னும்போதும் அதுதான், தலை பின்னும்போதும் அதுதான்.

கட்டிலில் கிடந்தபடியே அவர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவன் நொண்டுவது வெளியே தெரியாது. ஹேண்டில் மேல் பாரத்தைப் போட்டுக்கொண்டால் நடை நேராகிவிடும். கேட்டுக்குள் யாரும் ஓட்டிக்கொண்டு போகக் கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்பது கம்பெனி ரூல். ஆக, சைக்கிளில் போய்விட்டால் பிழைத்தோம். பஸ் வேறு அவருக்கு ஆகாது. படியைப் பார்த்தாலே வியர்த்தது. ஆனால் அவருடைய பழைய சைக்கிளில் காலைத் தூக்கிப் பின்னால் வீசித்தானே ஏற வேண்டும்? வீட்டு வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு முயற்சி செய்து பார்த்தார். நான் தையலை விட்டு எழுந்து ஓடிப்போய்ப் பிடித்தேன். அன்றைக்கே சொன்னேன், லேடீஸ் சைக்கிள் என்றால் காலைத் தூக்கவே வேண்டாம், நடுவில் நுழைத்து உட்காரலாம் என்று. கடைசியில் என்னை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்துவிட்டாயா என்று கடவுளைப் பார்த்துக் கேட்கிற மாதிரி கூரையைப் பார்த்தார்.

நான் விடுகிறவளா? என் பிறந்த வீடு ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம். அங்கே நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆன ஒரு தமிழ்க் கிறிஸ்தவ அம்மா இருந்தார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவருக்கு நான்தான் ஜாக்கெட் தைப்பேன். அவர் வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு லேடீஸ் சைக்கிள் கிடந்தது எனக்குத் தெரியும். இங்கிலீஷ்காரன் காலத்துச் சாமான். அதில்தான் அவர் ஆஸ்பத்திரிக்கு டியூட்டிக்குப் போய்வந்தாராம். ஜாக்கெட் கொடுக்கப்போன அன்று விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே ஷெட் சாவியை எடுத்துக் கொடுத்தார். துரு, சிலந்தி வலை, எலி கடித்த சீட்டு. லக்கேஜ் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பொம்மனஹள்ளி வரைக்கும் அதைப் பிடித்தபடியே வந்தேன். டிரைவர் பழைய இரும்புக் கடைக்கா என்று கேட்டான். வாயை மூடிக்கொண்டு ஓட்டுப்பா என்றேன்.

சில நாள் அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஒருநாள் நான் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்தபோது சைக்கிள் தலைகீழாக நின்றது. இவர் கால் நீட்டிக் கோணியில் உட்கார்ந்து பின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். லேத்காரருக்கு இரும்பைப் பார்த்தால் சும்மா இருக்க முடியுமா? அதற்கப்புறம் வீட்டில் மண்ணெண்ணெய் வாசனைதான். செயின், பெடல், சக்கரத்தின் பேரிங் பால்ஸ் எல்லாம் என் பழைய டபராக்களில் ஊறிக் கிடந்தன. என் சாம்பார் டபராவும் அதில் போயிற்று. திட்டினேன். அவர் சிரித்தார். விழுந்ததற்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது, அதனால் டபரா போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சைக்கிள் நல்ல சைக்கிள்தான். பெயின்டைச் சுரண்டினால் அடியில் இரும்பு கெட்டியாக இருந்தது. பழைய திருகு மறைக்கு இப்போதைய நட்டு எதுவும் சேரவில்லை; அவரே அரம் போட்டு, கூட வேலை செய்கிறவர் ஒருவரிடம் சொல்லி லேத்தில் கடைந்து வாங்கி, ஒவ்வொன்றாகச் சேர வைத்தார். புடவை சிக்காமலிருக்கப் பின்சக்கரத்தில் வலை மாட்டியிருந்தது. அதை முதல் வேலையாகப் பிய்த்து எறிந்தார். முன்னாலிருந்த கூடையும் போயிற்று. வளைந்த ஹேண்டிலைக் கழற்றிவிட்டுத் தன் பழைய சைக்கிளின் ஹேண்டிலை மாட்டினார். சீட்டுக்கு நான் ரெக்சினில் உறை தைத்துக் கொடுத்தேன். கறுப்புப் பெயின்ட் அடித்து வெயிலில் வைத்தபோது தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. அவர் எங்கிருந்தோ ஒரு குழாய்த் துண்டு கொண்டுவந்தார். ஜென்ட்ஸ் சைக்கிளில் சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே நேராகப் போகுமே குறுக்குக் கம்பி, பார் என்பார்களே, அந்த அளவுக்கு அறுத்தார். முன்பக்கம் கீல் வைத்தார். சீட்டுக்கு அடியில் ஒரு தாழ்ப்பாள், கதவுக்குப் போடுகிறோமே அதே தாழ்ப்பாள். தாழ்ப்பாளை இழுத்தால் பார் மடங்கிக் கீழே சரிந்த குழாய் மேல் படுத்துக்கொள்ளும். காலை நுழைத்து உட்கார்ந்துகொண்டு, குனிந்து பாரைத் தூக்கித் தாழ்ப்பாள் போட்டுவிட்டால், பத்தடி தள்ளி நின்று பார்க்கிறவனுக்கு அசல் ஜென்ட்ஸ் சைக்கிள்.

காலைத் தூக்காமல் ஏறுவதற்கென்று கொண்டுவந்த சைக்கிளில் குறுக்கே பாரை வைக்கிறாரே, இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது! எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தரிக்கோலைத் தரையில் வீசினேன்.

"சும்னே எதுக்கு இந்த நாடகம்? ஊர்ல யாருக்கும் வேற வேல இல்லயா, உங்க சைக்கிள பாத்துக்கினு இருக்க?"

அவர் தலை நிமிராமல் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே சொன்னார்: "ஆம்பள ஒருத்தன் லேடீஸ் சைக்கிள்ல வந்தா, ஏன்டா இதுல வரான்னு பாப்பாங்க. அப்புறம் கால பாப்பாங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அது மட்டுமில்லை என்று எனக்குத் தெரியும். தெருவில் ஒரு பயல் பார்த்துச் சிரித்துவிடுவானோ என்கிற பயமும் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார்.

வீட்டுக்குப் பின்னால் காலி மனையில் பழகினார். இறங்குவதுதான் கஷ்டம். இடது காலை ஊன்றி நின்று, தொடைகளுக்கு நடுவே கையை விட்டுத் தாழ்ப்பாளைத் தேட வேண்டும். அதைச் செய்கிற ஆளைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கு அழுகை வந்தது. அதற்கும் அவர் திட்டம் வைத்திருந்தார். கம்பெனி மதில் திரும்புகிற மூலையில் ஒரு தூங்குமூஞ்சி மரம் உண்டு, காலையில் அங்கே ஆள் இருக்காது. அதன் பின்னால் நின்று இறங்கி, பாரை மறுபடி மாட்டி, அங்கிருந்து தள்ளிக்கொண்டு கேட்டுக்குப் போய்விடலாம்.

லீவு முடிந்து வேலைக்குப் போகிற நாள் வந்தது. காலையில் சாமி கும்பிட்டு, டிபன் பாக்ஸை கேரியரில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். அவர் தலை மறைந்ததும் நானும் பஸ் பிடித்தேன். லைனிங் துணி வாங்கப்போகிறேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டேன். வழியில் எங்காவது விழுந்து கிடந்தால்? அந்த நினைப்பு என்னை வீட்டில் இருக்க விடவில்லை. ஹோசூர் ரோடு முழுக்க ஜன்னல் வழியாகத் தேடிக்கொண்டே போனேன். கோரமங்களா தாண்டி ஓரிடத்தில் பஸ் அவரைத் தாண்டியது. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தார். பார்க்க நன்றாகவே இருந்தது.

கம்பெனிக்கு எதிர்ப்பக்கம் டீக்கடை ஓரமாக நின்றேன். அந்தத் தூங்குமூஞ்சி மரத்தடியில்தான் எல்லாரும் நின்றார்கள். ஆள் குறைப்பு விஷயமாக யூனியன்காரர்கள் கேட் மீட்டிங் போட்டிருந்தார்கள். ஒருவர் நின்று பேசிக்கொண்டிருந்தார், மரத்தடியிலிருந்து கேட் வரைக்கும் மதில் ஓரமாகக் கூட்டம். கேட்டுக்கு உள்ளே பர்சனல் ஆபீசர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

என் வீட்டுக்காரர் வந்தார். கூட்டத்தைப் பார்த்து வேகம் குறைந்தது. தெரிந்தவர்கள் கை தூக்கினார்கள், வா வா என்று ஒருவர் கூப்பிட்டார். இவரும் கை தூக்கினார். நிற்கவில்லை. கேட்டைத் தாண்டி நேராகப் போய்விட்டார். எனக்கு முதலில் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து திரும்பி வந்தார், கூட்டம் அப்படியே இருந்தது, மறுபடி கேட்டைத் தாண்டிப் போனார். அப்போதுதான் புரிந்தது. என் வீட்டுக்காரர் தன் கம்பெனி வாசலில் இறங்க முடியாமல் சுற்றிக்கொண்டிருக்கிறார். மீட்டிங் கலைகிற மாதிரி இல்லை. சங்கு ஊத இன்னும் சில நிமிஷம்தான் இருந்தது; ஊதினால் கேட்டைச் சாத்திவிடுவார்கள். லீவு முடிந்த நாளில் வேலைக்கு வரவில்லை என்றால் அதுவே போதும் அவர்களுக்கு. அவர் மூன்றாம் தடவை வந்தபோது முகத்தைப் பார்த்தேன். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கூட்டத்தில் சிலர் பேச்சை விட்டுவிட்டு இவரையே பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

நான் ரோட்டைத் தாண்டிப் போய் சைக்கிளுக்கு முன்னால் நின்றேன். பிரேக் போட்டு, இடது காலை ஊன்றினார். என்னை அங்கே அவர் எதிர்பார்க்கவில்லை.

"எறங்குங்க," என்றேன்.

"போயிடு," என்றார் மெதுவாக. "எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

ஹேண்டிலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைச் சீட்டுக்கு அடியில் விட்டுத் தாழ்ப்பாளை இழுத்தேன். பார் டங்கென்று விழுந்தது. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு வலது காலை இழுத்து எடுத்து இறங்கினார். மேடையும் மைக்கும் இல்லாத அந்த மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. ஆபீசர் கட்டின கையைப் பிரித்துவிட்டு இரண்டடி முன்னால் வந்து பார்த்தார், "ஏனாயித்து?" என்று பக்கத்திலிருந்த வாட்ச்மேனைக் கன்னடத்தில் கேட்டார், என்ன ஆயிற்று என்று. சங்கு ஊதியது. என் வீட்டுக்காரர் மடங்கின பாரோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். ஹேண்டில் மேல் சாயாமல் தள்ளியதால் நடை நேராக வரவில்லை.

அடுத்த சில வாரத்தில் பட்டியல் ஒட்டினார்கள். அவர் பெயர் இருந்தது. சுவரேறிக் குதிக்கிற வயசுப் பிள்ளைகளின் பெயரும் அதே பட்டியலில் இருந்தது, இரண்டு காலும் கல் மாதிரி இருக்கிறவர்கள். அதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றிப்போனது. பார் இருந்தாலும் போயிருக்கும், இல்லாவிட்டாலும் போயிருக்கும், அவர்கள் முன்னாலேயே எழுதி வைத்திருந்தார்கள் என்றேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

பிறகு பொம்மனஹள்ளியிலேயே ஒரு ஷெட்டில் லேத் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு, எப்படியோ ஓட்டினோம். அந்த பாரைக் கழற்றிவிட்டு லேடீஸ் சைக்கிளாகவே ஓட்டிக்கொண்டு போனார். தெருவில் ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். எதைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தோம், மழையைப் பற்றி என்று நினைக்கிறேன். நடுவில் நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"நீ மட்டும் அன்னிக்கி கேட்டுகிட்ட வராம இருந்திருந்தா, அடுத்த சுத்துல எல்லார் எதிர்லயும் நானே எறங்கியிருப்பேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அவர் கோபமாகச் சொல்லவில்லை.