மீசையைப் பந்தயம் வைத்து நிலாவைக் குறிபார்த்தவர்

கீரிப்பாறை பஸ் கண்டக்டர்தான் செய்தியைக் கொண்டுவந்தார். பூதப்பாண்டியில் ரேடியோ பழுதுபார்த்த மாசிலாமணி அண்ணாச்சி காலமாகிவிட்டார். அந்தக் கணமே ஊரிலுள்ள அத்தனை ரேடியோக்களும் தேம்பி அழுதன என்று எழுதக் கை துடிக்கிறது. உண்மையில் என் வீட்டு ரேடியோ மட்டும் கரகரத்தது. அது அவர் பழுதுபார்த்தது.

அவரை அறிந்தவர்களுக்கு அந்த மீசையையும் தெரியும். ஒரு நுனி நாகர்கோவிலில் இருந்தால் மறுநுனி தக்கலையில் இருக்கும். வெளிநாட்டில் ரேடியோ அலையை நிலாவில் எறிந்து திரும்பப் பிடித்தார்களாம் என்று பேப்பரில் படித்தவர், ஒற்றை மாட்டுவண்டிச் சக்கரத்தை நிமிர்த்தி நிறுத்தி, அதில் செம்புக்கம்பி சுற்றிய மூங்கில் ஏரியலைக் கட்டினார். பஞ்சாங்கத்தை வைத்துக் கணக்குப்போட்டுச் சக்கரத்தைச் சுற்றி முளையடித்தார். நாழிகைக்கு ஒரு முளை திருப்பினால் மூங்கில் நிலாவோடேயே ஏறும். “நிலாவை நாம பாக்கண்டாம் மக்கா, கணக்கு பாத்துக்கிடும்” என்பார்.

மேகத்துக்குள் இருந்தாலும் காட்டுமா என்று சீண்டினார் மச்சினன் தாணு. காட்டாவிட்டால் என் மீசை, காட்டினால் உன் மீசை என்று அண்ணாச்சி சொல்ல, முடிந்தது பேச்சு.

சித்ரா பௌர்ணமி அந்தியில் சக்கரத்தையும் தூக்கிக்கொண்டு கடலோர வட்டக்கோட்டைக்குப் போனோம். தாணு கட்டுச்சோற்றோடு நாவிதரையும் அழைத்துவந்திருந்தார். மேற்கே வெயில், எதிரே கருமேகம். அண்ணாச்சி மூங்கிலைக் கடலுக்கு நேராக நிறுத்திவிட்டு மீசையைத் தடவினார். பிறகு தரையைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. அவருடைய நீண்ட நிழல் ஒரு பக்கம் கிடந்தது, மூங்கில் வேறு பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

முழுநிலா சூரியனுக்கு நேரெதிரே, நிழல் விழும் பக்கத்தில்தான் எழும். ஊரில் கோபுரத்தைப் பார்த்துக் கிழக்கைக் குறித்தவர், இங்கே கடலையே கிழக்கு என்று நம்பிவிட்டார். வட்டக்கோட்டைக் கடற்கரையோ தென்கிழக்கு நோக்கிச் சரிந்து கிடக்கிறது. அண்ணாச்சி மூங்கில் தன் நிழலோடு ஒரே கோட்டில் வரும்வரை சக்கரத்தை நகர்த்தினார்.

“அத்தான், இது கள்ளக்களியாக்கும்” என்றார் தாணு.

“முளையைத் தொட்டேனா மாப்ளே? கணக்கு சரி. கிழக்குதான் பிசகிப்போச்சு.”

சூரியன் விழுந்தது. ஒரு முளை திருப்பினார். இன்னொன்று. நாவிதர் கத்தியைத் தீட்டும் சத்தம் இலங்கைவரை கேட்டிருக்கும். அப்போது மேகம் விலகியது. மூங்கில் நுனியில் சுட்ட அப்பம்போல் நிலா.

அண்ணாச்சி, ஏரியலோடு இணைத்திருந்த ரேடியோவின் ஹெட்போனைத் தாணுவின் காதில் மாட்டினார். “கேக்கியா?”

“கரகரன்னுல்லா கேக்கு.”

“நிலா பாஷை ஒனக்குத் தெரியுமா?”

வந்த நாவிதர் சும்மா திரும்பவில்லை. தாணு சிரித்துக்கொண்டேதான் முகத்தை நீட்டினார்.

இப்போதும் பௌர்ணமி அந்தியில் என் நிழலைப் பார்த்து, நிலா வருமிடத்தில் முந்திப்போய் நிற்கிறேன். வீட்டு ரேடியோ கரகரத்தால் யாரையும் தட்டவிடுவதில்லை. அண்ணாச்சிக்கு அந்த பாஷை தெரியும்.