வெறுங்காலும் டிரில் மெஷினும்

தனக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் எதுவும் இல்லை என்பது எங்கள் கோவில் தலைவரின் திடமான நம்பிக்கை. எங்கள் தீவின் தலைநகரான போர் லூயியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். பெரும்புயல் தகர வீடுகளையெல்லாம் தூக்கிக்கொண்டு போன பிறகு ஊரே சிமெண்டு வீடு கட்டக் கிளம்பியதில் நன்றாகக் கொழுத்தார். அந்தக் கொழுப்பில், ஒரு தைப்பூசக் காவடிக்கு முன்னால், இடித்துக்கொண்டே சுழன்று துளை போடும் டிரில் மெஷின் ஒன்றைக் கோவிலுக்கு நன்கொடை கொடுத்தார். குரங்கு கையில் பூமாலை கொடுத்தால் பூ மட்டும்தான் வீணாகும். இவரிடம் இருந்தது பூமாலை இல்லை.

நான் ரோஷ் புவாவில் குடியிருந்து துறைமுகத்தில் மின்சார வேலை பார்த்து வந்தேன். கோவில் தெற்கே, செமின் கிரனியே பக்கத்தில், அக்கா வாழ்க்கைப்பட்ட ஊரில் இருந்தது. மண்டபச் சுவரில் டியூப் லைட்டுக்கு இரும்புத் தாங்கிகள் பதிக்க வேண்டும் என்று அக்கா சொல்லி அனுப்பியதால் பஸ் ஏறிப் போனேன். காலில் வேலைக்குப் போடும் ரப்பர் பூட்ஸ்.

நான் போய்ச் சேர்வதற்குள் தலைவர் திறப்பு விழாவே நடத்தி முடித்திருந்தார். வாசல் சுவரில் மயில் படம் போட்ட பீங்கான் ஓடுகள் பதித்திருந்தார்கள். அதன்மேல் மெஷினை வைத்து முழு இடியோடு அழுத்தியிருக்கிறார். மயிலுக்கு இரண்டு காலும் போய்விட்டது.

"ஓடு சரியில்ல. மட்டமான சரக்கு" என்றார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பீங்கானில் இடியை நிறுத்திவிட்டு மெதுவாகச் சுழல மட்டும் விட வேண்டும் என்று சொன்னேன். சிமெண்டில் இடி வேண்டும், ஆனால் உள்ளே கம்பி தட்டினால் மெஷின் திமிறி மணிக்கட்டை முறுக்கிவிடும், அதனால் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும் என்றேன். எங்கள் ஊர்க் கருங்கல் எரிமலைக் கல், அதில் சாய்ந்து அழுத்தக் கூடாது, அடிக்கடி வெளியே இழுத்துத் தூளைத் தட்ட வேண்டும், கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும் என்றேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. என் வாய் எப்போது மூடும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இதெல்லாம்கூடப் போகட்டும். மண்டபத்தில் பல்பு மாட்டும் இடத்திலிருந்து இரண்டே இரண்டு கம்பி இழுத்து மெஷினுக்குக் கரண்ட் கொடுத்திருந்தார்கள். எர்த் கம்பியே கிடையாது. மெஷினின் உடம்பு முழுவதும் இரும்பு. கீழே, காவடிக்காகப் பெண்கள் தண்ணீர் கொட்டிக் கழுவிவிட்ட தரை. பூட்ஸைக் கழற்றாமல் உள்ளே கால் வைக்கப் போனேன்.

"சூலியே தெஓர்!" என்று கத்தினார் தலைவர். செருப்பை வெளியே விடு என்று அர்த்தம். தேவாரத்தில் ஒரு வரி முழுசாக வராத மனிதர். பக்தி முழுவதும் செருப்பில்தான் இருந்தது.

"இது தோல் இல்லீங்க. ரப்பர். கரண்ட் ஏறாது."

"ரப்பரும் சூலியேதான்."

"சரி, காஞ்ச பலகை ஒண்ணு போடுங்க. அதுமேல நிக்கிறேன்."

"சாமிக்கு முன்னால மேடை போட்டு நிக்கிறதா? நீ என்ன மினிஸ்தரா?"

சுற்றி நின்ற கமிட்டி சிரித்தது. தலைவர் தும்மினாலும் அவர்கள் சிரிப்பார்கள். நாளைக்கு எர்த் கம்பியோடு வருகிறேன், அதுவரை யாரும் அதைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றேன்.

அப்போதுதான் அக்கா புருஷன் ஆற்றில் குளித்துவிட்டு வந்தார். காவடி எடுப்பதற்காகக் கையில் காப்புக் கட்டி விரதம் இருந்தார். இடுப்பில் சொட்டச் சொட்ட மஞ்சள் வேட்டி. கரும்புத் தோட்டத்து வேலையாள். யார் எதைச் சொன்னாலும் செய்கிற மனிதர். தலைவர் மெஷினை அவர் கையில் கொடுத்தார். அக்காவுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் அவரை விட்டால் வேறு நாதி இல்லை.

"மச்சான், தொடாதீங்க! செத்துடுவீங்க!"

"முருகன் இருக்காரு மச்சான்" என்று சிரித்தார். விசையை அழுத்தினார்.

சுவர்க் கல்லில் மெஷினின் துளையூசி கொஞ்சம் இறங்கியது. பிறகு அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதை என்னால் எழுத முடியாது. கை மெஷினை விடவில்லை, மெஷின் கையை விடவில்லை. கமிட்டி மொத்தமும் "அரோகரா" என்றது. அருள் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள், மடையர்கள். தலைவர் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

நான் பூட்ஸோடு உள்ளே ஓடி, தூணில் இருந்த ஸ்விட்சைத் தட்டினேன். அவர் கீழே விழுந்தார். மூச்சு வரும்வரை நெஞ்சை அழுத்தினேன். பிழைத்தார். உள்ளங்கை வெந்து, வலது கையில் இரண்டு விரல்கள் நிரந்தரமாக மடங்கிவிட்டன.

மறுநாள் கமிட்டி கூடியது. மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கம்பியைப் பற்றியும் இல்லை. கோவிலுக்குள் ஒருவன் காலணியோடு நுழைந்ததால் தீட்டுப்பட்டுவிட்டது என்று தீர்மானித்து, நான் ஓடிய இடமெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். விபத்து முதலில் நடந்தது, நான் பிறகுதான் நுழைந்தேன் என்று நினைத்துப் பார்க்கிற தலை அங்கே ஒன்றுகூட இல்லை. தோஷம் கழிந்தது என்று தலைவர் மைக்கில் அறிவித்தார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்தக் கூட்டத்தின்மேல் கோபப்படுவதுகூட அவர்களுக்குக் கொடுக்கிற மரியாதை.

அடுத்த வருஷக் காவடிக்கு அக்கா வரச் சொன்னாள். அவள் புருஷன் அந்த மடங்கிய விரல்களால் காவடித் தண்டைப் பிடித்து, வெயிலில், நாக்கில் வேல் குத்திக்கொண்டு போனார். கைக்குப் பலம் வர வேண்டி எடுக்கிறாரா என்று அக்காவிடம் கேட்டேன்.

"இல்ல தம்பி. உனக்காக எடுக்கறாரு. அன்னிக்குக் கோவிலுக்குள்ள நீ பண்ண தப்ப முருகன் மன்னிக்கணும்னு வேண்டிக்கிட்டாரு."

தலைவருக்குச் சொல்ல என்னிடம் ஆயிரம் வசவுகள் இருந்தன. திருநீற்றை நீட்டியது அக்கா. குனிந்து பூசிக்கொண்டேன்.