இடக்கைக்கு வந்த வில்லுக்கத்தி

உக்குவளை ஸக்கரியா சட்டையில்லாமல் முற்றத்துக்கு வருவார். மடக்கி வைக்கும் வில்லுக்கத்தி இல்லாமல் வரமாட்டார். சாரத்தின் மேல் கட்டும் அகன்ற தோல் வாரில் அதற்கென்றே ஒரு பை இருந்தது. மான்கொம்புப் பிடி, இரு முனையிலும் பித்தளைப் பூண். காலையில் பாக்குச் சீவ, பிள்ளைகளின் காலில் ஏறிய முள்ளை எடுக்க, சாக்குக் கயிறு அறுக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். வேலை இல்லாத நேரத்திலும் எடுத்து விரித்து, அலகைப் பெருவிரலால் ஒருதரம் தடவிப் பார்த்து, மடித்து வைப்பார்.

"நீங்க கத்தியோடயே குடும்பம் நடத்தலாம்" என்பாள் மனைவி ஹமீமா.

"நடத்தலாம் புள்ள. அது எதிர்த்துப் பேசாது."

கத்திக்கு உண்மையான வேலை கொக்கோத் தோட்டங்களில் இருந்தது. ஹமீமாவின் தம்பி சாலிஹின் கடைக்குச் சரக்கு பார்த்து வாங்குபவர் ஸக்கரியா. காய்ந்த கொட்டையை நீளவாக்கில் பிளந்து உள்ளே பார்ப்பார். பக்குவமாகப் புளிக்க வைத்தது மண்ணிறமாக வெடித்திருக்கும். அவசரத்தில் உலர்த்தியது ஊதாவாக இறுகிக் கிடக்கும். அவர் வேண்டாம் என்றால் சாலிஹ் வாங்கமாட்டான்.

அறுபத்திரண்டாம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு பாரிசவாதம் வந்து அவருடைய வலப்பக்கம் விழுந்தது. சில மாதங்களில் கால் ஓரளவு தேறியது. கை தேறவில்லை. சட்டை போடும்போது விழுந்த கையை முதலில் நுழைக்கவேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்கவேண்டும் என்பதை ஹமீமா ஒரே நாளில் பழகிக்கொண்டாள். மூடியே கிடந்த வலக்கை நகங்கள் உள்ளங்கையில் குத்தாமல் ஒழுங்காக வெட்டினாள். இடக்கையை மட்டும் அவர் கொடுக்கவில்லை. "அது பிறகு" என்று இழுத்துக்கொள்வார்.

ஒருநாள் சாலிஹ் வந்தான். "மச்சான், நீங்க இனிக் கடையில சும்மா இருங்க. தோட்டத்துக்கு வேற ஆளப் போடுறேன்."

"சும்மா இருக்க நான் என்ன சாக்கு மூட்டையா?"

"அப்ப வாற சனிக்கிழமை நல்லையா தோட்டத்துச் சரக்க நீங்களே வெட்டிப் பாருங்க. ஏலாட்டி நான் சொல்றதக் கேக்கணும்."

"சரி" என்றார் ஸக்கரியா. அவர் ஏற்கெனவே பழகத் தொடங்கியிருந்தார். கத்தியை முழங்கால்களுக்கிடையே இறுக்கி, அலகில் உள்ள சிறு பள்ளத்தில் இடக்கைப் பெருவிரல் நகத்தைக் கொடுத்து இழுப்பார். நகம் வளர வளர அலகு இணங்கி வந்தது. கொட்டை உருளாமலிருக்க அதைப் பலகை வெடிப்பில் செருகி வெட்டினார். சிதறியதை ஹமீமா கூட்டி அள்ளினாள். நகத்தின் சங்கதியை அவர் அவளிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. நோய்க்குப் பிறகு முதல் தடவையாக அன்று ஜும்மாத் தொழுகைக்குப் போவதாக இருந்தார். குளித்துவிட்டுச் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்தார். விழித்தபோது இடக்கை நகம் ஐந்தும் மொட்டையாக இருந்தன.

"என்ன செஞ்ச புள்ள!"

"வெள்ளிக்கிழம நகம் வெட்டாம பள்ளிக்குப் போறதா? நகத்தத்தானே வெட்டினேன், தலையவா வெட்டினேன்?"

பின்னேரம் கத்தியை எடுத்தார். விரல் வழுக்கியது. விரல் நுனி சிவக்கும்வரை இழுத்தும் அலகு அசையவில்லை. அப்போதுதான் ஹமீமாவுக்கு விஷயம் விளங்கியது.

"இத முன்னமே சொல்லியிருக்கலாமே. தாங்க, நான் தெறந்து தாறேன்."

"என் கத்திய இன்னொரு ஆள் தெறக்கிறதா?"

"ஏன், அது கோஷாவில இருக்கிற பொம்பளையா?"

அவர் கத்தியை வாருக்குள் செருகிக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

சனிக்கிழமை, எல்கடுவப் பாதைச் சரிவில் இருந்த தோட்டத்தில், கணக்கப்பிள்ளை நல்லையா சாக்குகளை அவிழ்த்து வைத்திருந்தார். ஸக்கரியா வாங்குப் பலகையில் அமர்ந்து கத்தியை முழங்கால்களுக்கிடையே வைத்தார். இழுத்தார். வழுக்கியது. மீண்டும் இழுத்தார். சாலிஹ் தொண்டையைச் செருமிவிட்டு மலையைப் பார்த்தான். அந்தச் செருமலின் அர்த்தம் ஸக்கரியாவுக்குத் தெரியும். இன்னொரு தரம் வழுக்கினால் நாளை முதல் கடைமூலைதான். முழங்கால்களுக்கிடையிலிருந்து கத்தியை எடுத்தார்.

"நல்லையா, இதத் தெறந்து பலகையில வைங்க."

"மச்சான்..." என்று இழுத்தான் சாலிஹ்.

"தெறக்கிறதுக்கா என்னக் கூட்டிட்டு வந்த?"

நல்லையா அலகை விரித்துப் பலகையில் வைத்தார். ஸக்கரியா ஒரு கொட்டையைப் பலகை வெடிப்பில் செருகிப் பிளந்தார். மண்ணிறம். அடுத்ததும் மண்ணிறம். கடைசிச் சாக்குக்குள் இடக்கையைத் தோள்வரை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளினார். பிளந்தது ஊதா. இன்னொன்று. அதுவும் ஊதா.

"மேல இருக்கிறது மாப்பிள்ளதான். அடியில ஒளிஞ்சிருக்கிறது யாரு நல்லையா?"

நல்லையா தலையைச் சொறிந்தார். "மழை, ஸக்கரியா நானா. அவசரத்துல எடுத்துட்டாங்க."

"இந்தச் சாக்கு வேணாம். மத்ததெல்லாம் ஏத்துங்க."

சாலிஹ் பாதிக் கொட்டையைக் கடித்துப் பார்த்துத் துப்பினான். அந்தச் சாக்கை ஓரமாக இழுத்துப் போட்டான்.

"அடுத்த கிழமை மேல் தோட்டம். அங்க ஏத்தம் கூட மச்சான்."

"கால் நடக்குதுதானே. மெதுவா ஏறுவோம்."

இறங்கி வந்து பஸ்ஸுக்கு நின்றபோது பாதையோரக் கடையில் அன்னாசி தொங்கியது. ஸக்கரியா ஒன்றை வாங்கினார். கத்தியை எடுத்துச் சாலிஹிடம் நீட்டினார்.

"தெற. பசிக்குது."

சாலிஹ் கத்தியைத் திறந்து கொடுத்துவிட்டு, பழத்தை இரு கையாலும் பிடித்துக்கொண்டான். ஸக்கரியா இடக்கையால் தோலைச் சீவத் தொடங்கினார். முதல் சீவலில் பாதிச் சதை போய்விட்டது, அடுத்தது பரவாயில்லை.