ஜாக்கெட் வேண்டாம் என்றார்கள்

போன வருடம் ஆவணி மாதம் நடந்தது இது. எங்கள் ஊர் கல்வராயன் மலையில் இருக்கிறது. வெள்ளிமலையில் இறங்கி, அங்கிருந்து ஜீப் பிடித்து வர வேண்டும். வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறேன். ஊர்ப் பெண்களுக்கு ஜாக்கெட் தைப்பதுதான் என் பிழைப்பு.

கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு பாட்டுக்காரர் கிட்டாரும் கையுமாக எங்கள் ஊருக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். சொந்தமாகப் பாட்டு எழுதிப் பாடுகிறவர். நல்ல மனிதர் என்றுதான் நினைத்தோம். எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிடுவார். சாமைக் கொல்லையில் களையெடுக்கும்போது ஒருத்தி முன்னால் பாட, மற்றவர்கள் வரிசையாக நகர்ந்துகொண்டே பின்பாட்டுப் பாடுவோம். அந்த மெட்டைக் கேட்டு, எங்கள் ஊருக்கு இன்னும் பஸ் வராததைப் பற்றி ஒரு பாட்டு எழுதினார். முன்பாட்டு என் ஓர்ப்படி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கணீரென்ற குரல் அவளுக்கு. பள்ளிக்கூட வகுப்பறையில் வைத்து ரெக்கார்டிங் முடிந்தது. புது ஆல்பத்தில் இதுதான் முதல் பாட்டு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து வீடியோ எடுக்க வருகிறார்கள் என்றதும் ஊருக்கே கல்யாணக் களை வந்துவிட்டது. பாடுகிற பெண்களெல்லாம் பேசி வைத்து ஒரே மாதிரி மயில்கழுத்து நிறத்தில் ஜாக்கெட் தைத்துக்கொண்டோம். விசேஷம் எதுவென்றாலும் எங்கள் ஊரில் இப்போது அப்படித்தான். அக்காவின் ஜாக்கெட்டுக்கு மட்டும் கையில் ஜரிகை வைத்தேன். முன்பாட்டுக்காரி ஆயிற்றே.

சென்னையிலிருந்து வந்த டைரக்டர் கொல்லையில் எங்களைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். "மலைக்காரங்க மாதிரியே இல்லியே" என்று உதவியாளரிடம் சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது. பிறகு ஒரு மூட்டையைப் பிரித்தார்கள். கசங்கிய பழுப்புச் சேலைகள், பாசிமணி, முகத்தில் பூசுவதற்குக் கறுப்பு மை. ஜாக்கெட் வேண்டாமாம். சேலையை மட்டும் மேலே சுற்றிக்கொண்டு கொல்லையில் நிற்க வேண்டுமாம். அந்தக் காலத்தில் நீங்கள் அப்படித்தானே இருந்தீர்கள் என்று எங்களுக்கே பாடம் எடுத்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இன்றைக்கு வராத பஸ்ஸைப் பற்றிய பாட்டு அது. அதைப் பாடுகிறவள் மட்டும் அந்தக் காலத்து ஆளாக நிற்க வேண்டுமா? அந்தக் காலத்தில் பஸ் எங்கே இருந்தது?

பாட்டுக்காரரைப் பார்த்தேன். குனிந்து கிட்டார் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்களே சொல்லுங்க. இது இன்னா நாயம்?" என்றேன்.

"ஒரு நாளுதாம்மா, கொஞ்சம் அனுசரிச்சிக்கங்க. இவரு எடுத்தாதான் ஆல்பம் நாலு பேருக்குப் போய்ச் சேரும்" என்றார். அப்போதும் நிமிரவில்லை.

அக்கா நிதானமாகப் பாட்டுக்காரர் எதிரில் போய் நின்றாள். "உம் பொண்டாட்டியக் கூட்டினு வந்து இப்புடி நிக்க வெய்யி. அவங்க நின்னா நானும் நிக்கிறேன்" என்றாள். அத்தனை நாளும் அவரை வாங்க, போங்க என்று பேசியவள் அவள்.

அவர் மறுபடியும் கிட்டார் மேல் குனிந்துகொண்டார். வேறு ஆட்களை வைத்து எடுத்துக்கொள்வோம் என்றார் டைரக்டர். எடுத்துக்கொள்ளுங்கள் என்று நாங்கள் கொல்லையை விட்டு இறங்கி வந்துவிட்டோம். வழியெல்லாம் அக்கா அழுதாள். தான் பாடுவதை நாலு ஊர் ஜனம் பார்க்க வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது எனக்குத்தான் தெரியும்.

ஆல்பம் வெளிவந்தது. லைனிங் துணி வாங்கக் கள்ளக்குறிச்சி போயிருந்தேன். ஜவுளிக்கடையில் வேலை செய்யும் பெண் போனில் அந்த வீடியோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ சில பெண்கள் முகத்தில் மை பூசிக்கொண்டு, அன்றைக்கு டைரக்டர் எங்களிடம் சொன்னபடியே நின்று வாயசைக்கிறார்கள். குரல் அக்காவுடையது.

"ஒரிஜினல் மலைக்காரங்களாம். சூப்பரா பாடறாங்க இல்ல?" என்றாள்.

"பாடறது எங்க அக்கா. அங்க நிக்கிறது யாருன்னு எனக்குத் தெரியாது" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தாள். நம்பவில்லை.

டைரக்டர் மீதுகூட எனக்குப் பெரிய கோபமில்லை, அவருக்கு எங்களைத் தெரியாது. எங்களை நன்றாகத் தெரிந்திருந்தும், எங்களுக்காக ஒரு வார்த்தை பேசாமல் குனிந்துகொண்டாரே, அந்த மனிதரைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.