செம்புத் தகட்டில் இரண்டு சாயம்

மருதமுனை நெசவுகாரர் கச்சிமுகம்மதுவின் மகள் றஹீமா பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்து, 1982இல் கல்முனையில் ஆசிரியையானாள். மாணவிகள் அவளுக்குப் பயந்தார்கள். வீட்டில் எவரும் பயப்படவில்லை.

அவளுக்கு ஒரே ஆசைதான். வெயிலை மின்சாரமாக்கும் ஆய்வுக்குத் திரும்பிப் போக வேண்டும். பேராதனைப் பேராசிரியர் ஒரு நிபந்தனை சொல்லியிருந்தார்: செம்புத் தகட்டில் ஒரு சாயப் படையிலும் பார்க்க, ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பூசிய இரண்டு படைகள் கூடுதல் மின்சாரம் தருமென்று காட்டினால் ஆய்வுகூடத்தில் இடமுண்டு. சிவப்புச் சாயம் தவறவிடும் ஒளியை நீலச் சாயம் பிடிக்க வேண்டும்.

மாரிக்கு முன் முடித்தாக வேண்டும். அடைமழை பிடித்தால் வெயிலுக்கு எங்கே போவது?

அடுப்பில் சுட்டெடுத்த செம்புத் தகட்டுக்குச் சாயம் பூசி, வீட்டு வளவில் உப்புத்தண்ணீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டியில் இறக்கி, மின்சாரம் அளக்கும் மானியோடு கம்பியால் இணைத்தாள். சிவப்பு மட்டும் இருந்தபோது மானியின் முள் அசைந்தது. அதன்மேல் நீலம் பூசியதும் அசையாமல் கிடந்தது.

காக்கா என்று அவள் கூப்பிடும் அண்ணனின் மனைவி உம்மு, நூல் சுற்றிக்கொண்டே சிரித்தாள்.

"மச்சி, செம்புக்கும் சாரன் கட்டப் போறீங்களா?"

"கட்டினா நீங்கதான் கரை போடணும்."

"எனக்கேலா. உடுக்கிற ஆள் முதல்ல நேரா நிக்கட்டும். இண்டைக்கும் சரிவரல்லியா?"

"இல்ல. நீலம் பட்டா எல்லாம் நிண்டு போகுது."

"நல்லா ஒட்டல்லியோ?"

"ஒட்டாம என்ன? வழியுதெண்டு கஞ்சி கலந்துதானே பூசின."

சொல்லி முடிக்கும் முன்பே றஹீமாவுக்கு விளங்கிவிட்டது. நூல் அறாமலிருக்கக் கஞ்சி போடும் வீட்டில் பிறந்த கை, யோசிக்காமலே நீலச் சாயத்திலும் கஞ்சியைக் கலந்திருந்தது. காய்ந்த கஞ்சி மின்சாரத்துக்கு மதிலாய் நின்றிருந்தது.

"கஞ்சியா? படிச்ச புள்ள நீங்க, மச்சி!"

"நெசவுகாரன்ட புள்ளையும்தானே."

புதுத் தகடொன்றில் சிவப்பேற்றி, நீலத்தில் வெறுமனே தோய்த்து, கறை மட்டும் தங்கும்படி கழுவினாள். கடல் பக்கம் முகில் கறுத்திருந்தது. வெயில் எட்டிப் பார்த்த நேரத்தில் முள் எழும்பி, சிவப்பு மட்டும் எட்டிய இடத்தைத் தாண்டி நின்றது. கையால் மறைத்தாள், விழுந்தது. கையை எடுத்தாள், மறுபடி எழும்பியது.

"இவ்வளவுதானா?" என்றாள் உம்மு. தாண்டியது ஓர் அரிசிமணி அகலம்.

"ஓம், இவ்வளவுதான்," என்றாள் றஹீமா. முகமெல்லாம் சிரிப்பு.

ஜனவரியில் பேராதனைக்குப் போனவள் மூன்றாவது படையைத் தேடியே பல வருடங்களைக் கழித்தாள். கலியாணம் பேசி வந்தவர்களிடம் வாப்பா கச்சிமுகம்மது பெருமையாகச் சொல்வார்: "மகளுக்கு வெயிலோட வேலை. மாரியில வாங்க, கதைப்பம்."