குவியாடி குவிக்கவில்லை

அறிவியல் காட்சிக்கூடத்தில் விளக்கம் சொல்லும் வேலைக்குத் தொண்டை இருந்தால் போதும், மீதியை மனப்பாடம் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துத்தான் எழுபதுகளின் கடைசியில் நான் மதுரையில் அந்த உத்தியோகத்தில் சேர்ந்தேன். பெற்ற பிள்ளை முன்னால் அசடு வழிந்தவர்கள் மேலே படியுங்கள். மற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

சட்டையில் குத்திய பட்டம்

'விளக்குநர்' என்று அச்சடித்த பேட்ஜ் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அதைக் குத்திக்கொண்டால் எனக்கு நடையே மாறிவிடும். ஒருநாள் உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர், பஸ்ஸுக்கு நேரமிருக்கிறதென்று உள்ளே வந்தார். பேட்ஜை எழுத்துக்கூட்டிப் படித்தார். நான் சூரியனில் ஆரம்பித்து ஒன்பது கிரகத்தையும் மூச்சுவிடாமல் சொல்லி முடிக்கும்வரை மரியாதையாகக் கேட்டார். பிறகு மேலே எரிந்த டியூப்லைட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க தெருவுலயும் ஒரு மாசமா லைட்டு எரியலண்ணே, எப்ப வாரீக?"

கண்ணாடி மூலை

எங்களிடம் வளைந்த கண்ணாடிகள் இரண்டு இருந்தன. உள்வாங்கியது குழியாடி, முன்னால் பிதுங்கியது குவியாடி. பெயரைக் கேட்டதுமே பொருளைப் பிடித்துவிட்டதாக எனக்கு நினைப்பு. குவியாடி ஒளியைக் குவிக்கும் என்று ஆறு வருஷம் அடித்துவிட்டேன். உண்மையில் குவிந்திருப்பது கண்ணாடிதான். அது ஒளியை விரித்துச் சிதறடிக்கும். குவிப்பது குழியாடி. பக்கத்திலேயே அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள், நான்தான் ஒருநாளும் படித்ததில்லை.

ஒருமுறை லேசாகச் சந்தேகம் தட்டி, டிக்கெட் கிழிக்கும் பாண்டியிடம் சொன்னேன். அவன் சிரித்தான். "வர்றவன் அவன் மூஞ்சியத்தான் பாக்குறான் மாப்ள, உன் பேச்ச எவன் கேக்குறான்?"

கேட்டவள் ஒருத்தி

என் மகள் சுமதி கேட்டிருக்கிறாள். எட்டாம் வகுப்புப் பரீட்சையில் அதை அப்படியே எழுதிவைத்தாள். டீச்சர் தப்புப் போட்டதும் எழுந்து நின்று, எங்கப்பா விளக்குநர், அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று வாதாடியிருக்கிறாள். வகுப்பே சிரித்ததாம். வருகிற சனிக்கிழமை எல்லோரும் போய் அவரையே கேட்டுவிடுவோம் என்றாராம் டீச்சர்.

இதெல்லாம் வெள்ளிக்கிழமை ராத்திரிதான் எனக்குத் தெரியும். வாட்ச்மேன் லீவு, காவல் என் தலையில் விழுந்தது. மனைவி தன் தங்கையின் பிரசவத்துக்குத் திருவாதவூர் போயிருந்தாள். விளாங்குடி வீட்டில் பிள்ளையைத் தனியே விட முடியாமல் கூட்டி வந்திருந்தேன். எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் புரோட்டாவைச் சாப்பிட்டோம். அவள் கதையைச் சொன்னதும், உங்க டீச்சருக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் என் டார்ச்சை எடுத்துக்கொண்டு கண்ணாடி மூலைக்குப் போனாள். குழியாடியில் அடித்தால் எதிர்ச்சுவரில் காலணா அளவுக்குப் பளிச்சென்று ஒரு பொட்டு. குவியாடியில் அடித்தால் மங்கலாக எங்கும் பரவியது. நாலைந்து தடவை மாற்றி மாற்றி அடித்தாள், எனக்காகவாவது குவியாதா என்று பார்த்தாள்போல. பிறகு அட்டையைப் படித்தாள். அவள் திரும்பி வருவது தெரிந்ததும் நான் குறட்டைவிட ஆரம்பித்தேன். பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "நீங்க குறட்டை விடமாட்டீங்களேப்பா."

சனிக்கிழமை

காலையில் வகுப்பே வந்து நின்றது. குவியாடி குவிக்கும் என்று நீங்கள் சொன்னதாகச் சுமதி சொல்கிறாளே என்று டீச்சர் பணிவாகத்தான் கேட்டார். சுமதி கடைசி வரிசையில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் தலை நிமிர்ந்திருக்கும். எனக்குப் பின்னால் எங்கள் அதிகாரி நின்றுகொண்டிருந்தார். நான் சரியாகத்தான் சொன்னேன், பிள்ளைதான் மாற்றிக் கேட்டிருக்கும் என்றேன். வகுப்பு மறுபடி சிரித்தது.

சுமதி என்னைப் பார்க்கவில்லை. டீச்சரைப் பார்த்துச் சொன்னாள்: "ஆமா டீச்சர், நான்தான் மாத்திக் கேட்டுட்டேன்."

அன்றிலிருந்து ஓய்வுபெறும்வரை ஒரு சொல் பிசகாமல் ஊருக்கெல்லாம் விளக்கினேன், என் மகள் மட்டும் அதற்குப்பின் என்னிடம் எதற்கும் விளக்கம் கேட்டதில்லை.